முடிதானே!

திருவள்ளூர் வீரராகவப் பெருமாளுக்கு வைத்திய வீரராகவர் என்று ஒரு பெயர் உண்டு. அமாவாசையன்று போனால் அந்தப் பெயரின் செல்வாக்கைக் கண்ணால் பார்க்கலாம். நோயாளிகள் குளக்கரையில் கூடி, தண்ணீரில் வெல்லத்தைக் கரைப்பார்கள். வெல்லம் கரைவது போல நோயும் கரைந்து விடும் என்பது நம்பிக்கை. உப்பும் மிளகும் காணிக்கையாகச் செலுத்துகிறவர்களும் உண்டு. குளத்தின் பெயர் ஹ்ருத்தாபநாசினி. இதயத்தின் தாபத்தைப் போக்குவது என்று பொருள். உடம்பு நோயோடு வருகிறவர்களுக்கு நெஞ்சு நோயின் பெயர் கொண்ட குளத்தை யார் காட்டி வைத்தார்களோ, அவர்கள் விஷயம் தெரிந்தவர்கள்.

சென்ற தை அமாவாசைக்கு நான் அங்கே போயிருந்தேன். பக்தியினால் என்று சொல்லிக் கொள்ள ஆசைதான். உண்மையில் என் ஒன்றுவிட்ட தங்கை வரச் சொல்லியிருந்தாள். அவள் வீடு அங்கேதான். அவளுடைய மகளுக்குத் தலையில் ஏதோ கோளாறு, முடி கொட்டுகிறது, பெண் யாருடனும் பேசுவதில்லை, "நீங்கள் வந்து நாலு வார்த்தை சொல்லுங்கள், அண்ணா" என்று டெலிபோனில் அழைத்திருந்தாள். கதை எழுதுகிறவனுக்கு நாலு வார்த்தை சொல்லத் தெரியும் என்ற நம்பிக்கை உறவினர்களுக்கு இன்னும் போகவில்லை.

குளக்கரையில் தங்கை வெல்லம் கரைத்துக் கொண்டிருந்தாள். பெண் படிக்கட்டில் தள்ளி உட்கார்ந்திருந்தாள். தலையைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள். தங்கை என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "முடிதானே அண்ணா! உலகத்தில் எத்தனையோ பேருக்குக் கை இல்லை, கால் இல்லை. இவள் என்னவோ உலகமே முடிந்து விட்டது போல உட்கார்ந்திருக்கிறாள். திருத்தணியிலே முடி கொடுப்பதாக வேண்டிக் கொண்டிருக்கிறேன். ஒரு மொட்டை போட்டால் அடர்த்தியாக வந்து விடும் என்கிறார்கள். அதற்கும் சம்மதிக்க மாட்டேன் என்கிறாள்."

நானும் தலையை ஆட்டினேன். பிறகு பெண்ணிடம் போய் உட்கார்ந்து, மிகவும் அன்பான குரலில், "முடிதானே அம்மா!" என்று ஆரம்பித்தேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. கோபம்கூட இல்லை அதில். 'நீங்களுமா?' என்பது போல இருந்தது.

பிறகு அவள் சொன்னதைக் கேட்டேன். கேட்டேன் என்று எழுதும்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் ஒரு வருஷமாக அவள் இதையேதான் எல்லோரிடமும் சொல்லிக் கொண்டிருந்திருக்கிறாள். உச்சந்தலையில் ஓரிடத்தில் எரிச்சல். அரிப்பு. சீப்புப் பட்டால் நெருப்புப் பட்டது போல இருக்கிறது. பிறகு அந்த இடத்தில் வகிடு அகலமாகத் தொடங்கியது. அம்மா கரிசலாங்கண்ணி எண்ணெய் காய்ச்சினாள். அத்தை செம்பருத்தி அரைத்துக் கொடுத்தாள். பக்கத்து வீட்டம்மா வெங்காயச் சாறு என்றாள். ஒரு டாக்டர் நாற்காலியை விட்டு எழாமலே, "டென்ஷன்" என்று சொல்லி வைட்டமின் மாத்திரை எழுதினார். வேலை செய்யும் இடத்தில் மேலதிகாரி, தலை எரிகிறது என்று ஒரு நாள் லீவு கேட்டதற்கு, "எனக்கும் இந்த வேலையைப் பார்த்தால் தலை எரிகிறது" என்று சிரித்தாராம். நல்ல வேடிக்கைதான். நானாக இருந்தாலும் ஒருவேளை அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அவள் வேலை செய்வது கும்மிடிப்பூண்டியில். பெரியபாளையம் வழியாகக் கம்பெனி பஸ்ஸில் தினமும் போய் வருகிறாள். அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: கவரைப்பேட்டையைத் தாண்டினாலே இரும்பின் வாசனை வர ஆரம்பித்து விடும். உருக்காலைகள், வார்ப்படக் கூடங்கள், கம்பி இழுக்கும் ஆலைகள் என்று சிப்காட் வட்டாரம் முழுக்கப் புகையும் சத்தமுமாக இருக்கும். அங்கே ஒரு குழாய்த் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். வேலை என்ன தெரியுமா? வெல்டிங் செய்த இடத்தில் பசை போன்ற ஒன்றைத் தடவி, அதன்மேல் ஒரு சின்னக் கருவியை வைத்து நகர்த்துவது. கருவி காதுக்குக் கேட்காத ஒலியை இரும்புக்குள் அனுப்பும். உள்ளே விரிசல் இருந்தால் ஒலி அதில் பட்டுத் திரும்பும். திரையில் ஒரு கோடு துள்ளும். கோடு துள்ளினால் அந்தக் குழாய் தள்ளுபடி. வெளியே பளபளவென்று குறையில்லாமல் இருக்கிற இரும்பை, "உள்ளே உடைந்திருக்கிறது" என்று சொல்வதுதான் அந்தப் பெண்ணின் உத்தியோகம்.

இதை நான் கதையில் எழுதியிருந்தால் எந்தப் பத்திரிகாசிரியரும், 'ரொம்பவும் பொருத்தமாக அமைத்திருக்கிறீர்கள்' என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பியிருப்பார். வாழ்க்கைக்கு அந்தக் கூச்சம் கிடையாது. ஏனென்றால் அடுத்த மாதம் சென்னையில் ஒரு தோல் வைத்தியர் அந்தப் பெண்ணின் தலையில் அதே மாதிரிப் பசையைத் தடவி, அதே மாதிரி ஒரு கருவியைத்தான் வைத்தார்.

இந்தக் கருவியின் சரித்திரமே தொழிற்சாலையிலிருந்து வந்ததுதான் என்று பிறகு படித்துத் தெரிந்து கொண்டேன். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்பதை 1880-ல் க்யூரி சகோதரர்கள் கண்டார்கள். முதல் உலக யுத்தத்தில் லான்ஜ்வின் என்ற பிரெஞ்சுக்காரர் அதே படிகத்தைக் கொண்டு கடலுக்கடியில் ஒலியை அனுப்பி நீர்மூழ்கிக் கப்பலைத் தேட முயன்றார். பிறகு அது இரும்பில் விரிசல் தேடப் போயிற்று. கிளாஸ்கோ நகரத்தில் இயான் டொனால்ட் என்று ஒரு பிரசவ வைத்தியப் பேராசிரியர். 1955-ல் அவர், அறுவைச் சிகிச்சையில் எடுத்த கட்டிகளைக் காரில் போட்டுக் கொண்டு, ரென்ஃப்ரூவில் இருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்க்க அங்கே இருந்தவர்கள் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டைக் கொண்டு வந்து வைத்தார்களாம். கொதிகலனில் ஓட்டை பார்க்கும் கருவி, கட்டிக்கும் சதைக்கும் வித்தியாசம் சொல்லிற்று. 1958-ல் லான்செட் பத்திரிகையில் அவரும் அவருடைய கூட்டாளிகளும் எழுதிய கட்டுரையோடுதான் மனித வயிற்றுக்குள் ஒலியால் பார்க்கும் வித்தை உலகத்துக்குத் தெரிய வந்தது.

வயிற்றைப் பார்க்கிற ஒலி விநாடிக்குச் சில பத்து லட்சம் அதிர்வு கொண்டது. தோலைப் பார்க்க அது போதாது. 2 கோடி வேண்டும், அதற்கு மேலும் போகிறார்கள். அதிர்வு கூடக் கூட நுட்பம் கூடும். ஆனால் ஆழம் குறையும். மிக நுட்பமாகப் பார்க்கிற ஒலி சில மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போகாது. இது எனக்குப் பிடித்திருந்தது. விமரிசகர்களில் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். போகட்டும், தோலுக்கு அந்த ஆழமே போதும். 1979-லேயே தோலின் கனத்தை இப்படி அளந்து காட்டி விட்டார்கள். இப்போது அதே வழியில், மயிர்க்கால்கள் சாய்ந்து நிற்கிற கறுப்புப் பட்டைகளாகத் திரையில் தெரிகின்றன. அங்கே வீக்கம் இருந்தால், ரத்தம் அதிகமாகப் பாய்வதை டாப்ளர் என்ற முறையால் சிவப்பும் நீலமுமாகக் காட்டி விடுகிறார்கள். தோலுக்கடியில் சீழ் கோத்திருக்கிறதா, புரை ஓடியிருக்கிறதா, நீர்க்கட்டியா என்றெல்லாம் கத்தி வைக்காமலே பார்க்கலாம். முடிவாகச் சொல்ல, பல சமயம் ஒரு துணுக்குச் சதையை எடுத்துப் பூதக் கண்ணாடியில் வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தத் துணுக்கை எங்கே எடுப்பது என்று ஒலி வழி காட்டலாம்.

அந்தப் பெண்ணுக்கும் அப்படித்தான் செய்தார்கள். வந்த முடிவு நல்லதல்ல.

முடி கொட்டுவதில் இரண்டு ஜாதி உண்டு என்று அந்த வைத்தியர் அவளுக்குச் சொன்னாராம். நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடி இருக்கிறது. தினமும் 50, 100 என்று உதிர்வது இயற்கை. கடுமையான காய்ச்சல் வந்தாலோ, பிரசவம் ஆனாலோ, இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் வேர் உயிரோடு இருப்பதால் திரும்பி வரும். இது ஒரு ஜாதி. இன்னொன்றில் உடம்பின் காவல் படையே மயிர்க்காலைப் பகைவன் என்று நினைத்துத் தாக்குகிறது. புது முடியைப் பிறப்பிக்கிற உயிரணுக்கள் இருக்கும் இடத்திலேயே வீக்கம் உண்டாகி, அது தணிந்த பிறகு வடுதான் மிஞ்சுகிறது. அந்த இடத்தில் முடி திரும்பி வராது. மருந்து கொடுத்து, இருப்பதைக் காப்பாற்றலாம். போனதை மீட்க முடியாது. அதனால்தான் முதலிலேயே கண்டுபிடிக்க வேண்டும் என்கிறார்கள்.

மொட்டை போடுவதும் இதற்கு உதவாது. கத்தி தோலுக்கு மேலே இருப்பதைத்தான் வெட்டுகிறது. வேர் அடியிலே இருக்கிறது. முருகனுக்குக் கொடுப்பது வேறு விஷயம். அது வைத்தியம் அல்ல, சமர்ப்பணம். சமர்ப்பணத்தை வைத்தியமாகச் செய்தால் இரண்டும் கெடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கவனியுங்கள்: ஒரு வருஷம். அந்த ஒரு வருஷமும் அவள் எரிகிறது என்று சொல்லிக் கொண்டே இருந்தாள். நாங்கள் முடிதானே என்று சொல்லிக் கொண்டே இருந்தோம். எங்கள் சமாதானத்தின் விலை, அவள் உச்சந்தலையில் இரண்டு ரூபாய் நாணயம் அளவு வழுக்கை.

'முடிதானே' என்பது நியாயமான வார்த்தையா என்று அதன் பிறகு நிறைய யோசித்தேன். முடி அற்பம் என்று நாம் நிஜமாகவே நினைக்கிறோமா? நம் பழைய கதைகளைப் பாருங்கள். பாஞ்சாலியின் அவிழ்ந்த கூந்தல் ஒரு யுத்தம் முடிகிற வரையில் முடியப்படவில்லை. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்ற வழக்கில் நக்கீரன் நெற்றிக் கண்ணையே எதிர்த்து நின்றான். சரி, இவை கதை, பாட்டு. வீட்டுக்குள் நடந்ததை எடுத்துக் கொள்ளலாம். என் பாட்டி தலைமுறையில், புருஷன் இறந்தால் ஒரு பெண்ணிடமிருந்து எதை எடுத்தார்கள்? நகையை எடுத்தார்கள், பூவையும் பொட்டையும் எடுத்தார்கள். அது போதவில்லை என்று நாவிதரைக் கூப்பிட்டு முடியையும் எடுத்தார்கள். சில குடும்பங்களில் அதைச் சாஸ்திரம் என்றே சொன்னார்கள். முடி ஒன்றுமில்லை என்றால் அதை ஏன் எடுக்க வேண்டும்? ஒரு பெண்ணை உலகத்திலிருந்து தள்ளி வைக்க அதைவிடச் சுருக்கமான வழி கிடையாது என்று தெரிந்துதானே செய்தார்கள்? பெண் பார்க்க வருகிறவர்கள் இன்றைக்கும் பின்னலை ஒரு பார்வை பார்க்காமல் போவதில்லை. என் தங்கையே, வரன் வரும் நாட்களில் மகளுக்குச் சவுரி வைத்துத்தான் உட்கார வைத்திருக்கிறாள். ஆக, முடி பெரிய விஷயம் என்று ஊருக்கே தெரியும். அதை இழந்தவள் அழும்போது மட்டும் அது அற்பமாகி விடுகிறது.

'கை இல்லாதவன், கால் இல்லாதவன்' என்கிற ஒப்பீடும் அப்படித்தான். அதைச் சொல்கிறவனுக்குக் கை இல்லாதவனிடம் கருணை இருக்கிறது என்று நினைக்காதீர்கள். அவன் எதிரே நிற்கிறவளின் வாயை மூட, எங்கேயோ இருக்கிற முடவனைத் துணைக்கு அழைக்கிறான், அவ்வளவுதான். துக்கத்துக்குத் தராசு கிடையாது. அடுத்தவனுக்குப் பல் வலி என்பதால் எனக்குக் காது வலிக்காமல் இருப்பதில்லை.

ஆனால் என்னை உறுத்தியது இதுகூட அல்ல.

சோதனை முடிந்த மறுநாள் நான் திருவள்ளூரில் இருந்தேன். பெண் அந்தப் படத்தைக் கொண்டு வந்து அம்மா மடியில் வைத்தாள். கறுப்பும் சாம்பலுமாக ஒரு படம். நடுவே சிவப்புத் திட்டுகள். என் தங்கைக்கு அதில் ஒன்றும் புரிந்திருக்காது. எனக்கும் புரியவில்லை. ஆனாலும் அவள் அந்தச் சிவப்பைப் பார்த்து விட்டு, "ஐயோ, இவ்வளவு நெருப்பையா தலையிலே வைத்துக் கொண்டிருந்தாய்!" என்று மகளைக் கட்டிக் கொண்டு அழுதாள். உண்மையான அழுகை. எனக்கே தொண்டை அடைத்தது.

பெண் அழவில்லை. அம்மாவின் கையை மெதுவாக விலக்கி விட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஒரு வருஷமா நான் சொன்னேன், மாமா. மிஷின் அஞ்சு நிமிஷம் சொன்னதும் நம்பிட்டாங்க. நான் அவங்க பொண்ணு. அது மிஷின்."

அறையில் யாரும் பேசவில்லை.

அந்தப் பேச்சைத்தான் நான் இன்னும் சுமந்து கொண்டிருக்கிறேன். ஒரு மனுஷிக்கு வலிக்கிறது என்பதற்கு அவள் வார்த்தையை விடப் பெரிய சாட்சி என்ன இருக்க முடியும்? மழை பெய்கிறதா என்றால் நானும் வெளியே எட்டிப் பார்க்கலாம். வலிக்கிறதா என்பதற்கு, வலிக்கிறவளைத் தவிர உலகத்தில் வேறு ஆள் இல்லை. அவள் ஒருத்திதான் அங்கே இருந்தவள். இருந்தும் நம் வழக்கு மன்றத்தில் அவள் வாக்குமூலம் மட்டும் எடுபடுவதில்லை. வேறு சாட்சி கொண்டு வா என்கிறோம். அவள் கும்மிடிப்பூண்டியில் குழாய்க்குச் செய்வதைத்தான் நாங்கள் அவளுக்குச் செய்தோம். ஆனால் குழாய்க்கு வாய் இல்லை. அதனால் கருவி வேண்டியிருக்கிறது. அவளுக்கு வாய் இருந்தது.

டாக்டர்கள் கருவியைக் கேட்பதில் தவறில்லை. எரிகிறது என்று நம்புவது வேறு, ஏன் எரிகிறது என்று தெரிந்து கொள்வது வேறு. இரண்டாவதற்குக் கருவி வேண்டும். அந்தக் கருவி இல்லாவிட்டால் இன்னும் வெங்காயச் சாறுதான். நாம் செய்கிற குற்றம், முதலாவதற்கும் கருவியைக் கேட்பது. அந்தச் சென்னை வைத்தியர் கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்னால், "எங்கே எரிகிறது, விரலை வைத்துக் காட்டம்மா" என்று கேட்டாராம். பெண் இதை என்னிடம் இரண்டு தடவை சொன்னாள். படத்தைப் பற்றி ஒரு தடவைதான் சொன்னாள்.

திருவள்ளூர்ப் பெருமாள் சயனத்தில் இருக்கிறார். அவருடைய வலது கை சாலிஹோத்ர முனிவரின் தலைமேல் இருக்கிறது. நோய்க்காரர்கள் ஏன் இத்தனை நூற்றாண்டாக அங்கே போகிறார்கள் என்பதற்கு வெல்லமும் குளமும் மட்டும் காரணமாக இருக்காது என்று இப்போது நினைக்கிறேன். தலையில் கை வைக்கிற தெய்வம்! அங்கே யாரும், 'முதலில் சான்று கொண்டு வா' என்று திருப்பி அனுப்பப்படுவதில்லை. வரிசையில் நின்று போக வேண்டும், அவ்வளவுதான்.

கருவியைச் சாட்சியாக நம்புவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அது சொல்வதை வைத்துக் கொண்டு நாம் என்ன செய்வோம் என்பது கருவிக்குத் தெரியாது. இதே ஒலிதான் கர்ப்பத்தில் இருப்பது பெண் என்று காட்டிக் கொடுத்தது. காட்டிக் கொடுத்த பிறகு என்ன நடந்தது என்பதை நான் எழுத வேண்டியதில்லை. 1994-ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் போட்டு, அந்தச் சாட்சியின் வாயைக் கட்ட வேண்டி வந்தது. ஸ்கேன் எடுக்கிற இடங்களில் எல்லாம் 'பாலினம் தெரிவிக்கப்பட மாட்டாது' என்று பலகை தொங்குகிறதே, அது கருவியைப் பற்றிய அறிவிப்பு அல்ல, நம்மைப் பற்றியது. பெண் குழந்தை விஷயத்தில் கருவி சொன்னதை உடனே நம்பினோம். அந்தப் பெண் வளர்ந்து வந்து எரிகிறது என்று தானே வாயைத் திறந்து சொன்னால், யோசிக்கிறோம்.

இந்தப் பெண் இப்போது மருந்து சாப்பிடுகிறாள். எரிச்சல் குறைந்திருக்கிறது. திட்டு பரவவில்லை என்கிறார்கள். தலைப்பை எடுத்து விட்டாள். சவுரி வைக்க மாட்டேன் என்று தீர்மானமாகச் சொல்லி விட்டாளாம்; வந்த ஒரு வரன் அதனால் தட்டிப் போயிற்று என்று தங்கை வருத்தப்பட்டாள். ஆனால் முன்னைப் போல மகளைத் திட்டவில்லை. அதிகாரியிடமும் படத்தைக் காட்டினாளா என்று கேட்டேன். "காட்டலை, மாமா. லீவு லெட்டர்லே 'தலை எரிகிறது'ன்னுதான் எழுதினேன்" என்றாள்.

இதையெல்லாம் வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன். சுவாரசியமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். கதை சொல்கிறவனுக்கு அது பழக்கம். கொதிகலன், இறைச்சித் துண்டு, சிவப்புத் திட்டு, 'நான் பொண்ணு, அது மிஷின்' எல்லாம் வரிசையாகச் சொன்னேன். அவள் முழுவதும் கேட்டுக் கொண்டாள். கேட்டு முடித்ததும், "நல்ல வேளை, அந்தப் பெண்ணுக்குப் படத்தில் ஏதோ தெரிந்தது" என்று சொல்லி எழுந்து உள்ளே போனாள்.

அவளுக்கு ஒற்றைத் தலைவலி. கல்யாணமான நாளிலிருந்து உண்டு. மாதத்துக்கு இரண்டு மூன்று நாள் ஜன்னலைச் சாத்திக் கொண்டு இருட்டில் படுத்திருப்பாள். ஒரு தடவை ஸ்கேன்கூட எடுத்தோம். ஒன்றும் இல்லை என்று வந்தது. அந்த நோயில் படம் சுத்தமாகத்தான் இருக்கும் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு, "அப்பாடா, ஒன்றும் இல்லை" என்று நான் சந்தோஷமாகச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு அவள் தலைவலி என்று என்னிடம் சொல்வதில்லை. ஜன்னல் மட்டும் சாத்தியிருக்கும்.

நானும் எழுந்து உள்ளே போனேன். அவள் கீரை ஆய்ந்து கொண்டிருந்தாள். எந்தப் பக்கம் வலிக்கும் என்று கேட்டேன். முப்பது வருஷத்தில் நான் அதைக் கேட்டதில்லை என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

கீரைக் கையை முந்தானையில் துடைத்து விட்டு, இடது பக்கம், புருவத்துக்கு மேலே, விரலை வைத்துக் காட்டினாள்.